கலைச்சொல்: நத்தைத் தீனிப் புழுவுக்கு என்ன பெயர்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஐயா, வணக்கம். நைஜீரியா, கானா நத்தைப் பண்ணைகள் பற்றிய நூலின் தீவன அத்தியாயம் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது. மீன்தூளுக்குப் பதிலாக மலிவான புரதம் தரும் ஈயின் புழுவை, ஆங்கிலப் பெயரைப் பெயர்த்து 'கருப்புச் சிப்பாய் ஈப்புழு' என்கிறோம். இங்கே மலையாளத்தில் 'பட்டாளப்புழு'. அதைத் தமிழில் எடுத்தால், 2018 முதல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவோடு குழம்பும், கண்டவுடன் மருந்தடித்துவிடுவார்கள். குப்பைகூளத்தில் வளர்வதால் 'கூளப்புழு' எனலாமா? 'மாற்றுப் புரத மூலம்' என்பதையும் விட்டுவிடுவோம். மூலம் என்றால் ஊரில் நோய்தான் நினைவுக்கு வரும். 'மாற்றுப் புரதத் தீனி' போதும்.

பொள்ளாச்சியிலிருந்து:

தம்பி, படைப்புழு பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆனால் கூளம் என்றால் மாடு தின்று கழித்த வைக்கோலும்தான். வெறும் வைக்கோலில் இந்தப் புழு தேறாது, நார் செரிக்காது. காய்கறிக் கழிவு, பழத்தோல், மிஞ்சிய சோறு வேண்டும். பட்டு தருவது பட்டுப்புழு. தீனியாவது 'தீனிப்புழு' என்றால் என்ன?

இன்னொன்று. உலர்ந்த புழுவில் 40 விழுக்காடு புரதம் என்று எழுதியிருக்கிறீர்கள். புழுவில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 ஆல் பெருக்கி வந்த கணக்கு அது. புழுத்தோலில் உள்ள கைட்டின் என்ற கடினப் பொருளிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதமல்ல. 4.76 ஆல் பெருக்கினால் 30 தான் தேறும். 'மீன்தூள்' என்றும் மொட்டையாக விடாதீர்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பது உப்புக் கருவாடு; அதை அரைத்துப் போட்டால் உப்பு நத்தையின் உடல்நீரை இழுத்துக் கொன்றுவிடும். 'உப்பிடாத மீன்தூள்' என்றே இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நன்றி ஐயா. கணக்கு தலைகீழாகிவிட்டது. 12 விழுக்காடு புரதமுள்ள தவிடு 500 கிராமுக்கு 200 கிராம் புழுத்தூள் சேர்த்தால் கலவை 20 விழுக்காட்டுக்கு வரும் என்று எழுதியிருந்தேன். உங்கள் கணக்குப்படி 400 கிராம் வேண்டும். அவ்வளவு சேர்த்தால் கொழுப்பும் ஏறி, சீக்கிரமே காறல் வாடை அடிக்கும், நத்தை முகம் திருப்பும். ஆகவே எண்ணெய் பிழிந்த தூளையே சொல்கிறேன். பிழிந்தால் புரதப் பங்கு கூடும், அளவும் குறையும். ஓட்டுக்கான சுண்ணாம்புக்கல் தூளைத் தனித் தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

புரதத்துக்கு அசோலா என்ற நீர்ப்பெரணியை மட்டும் நம்பச் சொல்லவில்லை. ஒரு கிலோ பச்சை அசோலா காய்ந்தால் 60 கிராம்தான். அதில் புரதம் 15 கிராம்.

'தீனிப்புழு' மனதுக்குப் பிடித்தாலும் தயக்கம் இருக்கிறது. காய்ப்புழு என்றால் காயைக் கெடுக்கும் புழு. தீனிப்புழு என்றால் தவிட்டு மூட்டையில் புழு வைத்துவிட்டது என்றே கடைக்காரர் எடுத்துக்கொள்வார். விற்பனை மூட்டையில் அந்தப் பெயரை எவர் அச்சடிப்பார்? கூளத்தில் வைக்கோல் ஐயம் இருப்பது உண்மை. அதை விளக்கத்திலேயே தீர்த்துவிடலாம்:

கூளப்புழு: காய்கறி, பழ, சோற்றுக் கழிவில் வளரும் ஈப்புழு. வெறும் வைக்கோலில் வளராது. உடல் கருக்கத் தொடங்குமுன் எடுத்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி, கையில் நொறுங்கும்வரை உலர்த்தி அரைத்தால் 'கூளப்புழுத் தூள்'.

பொள்ளாச்சியிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. வளர்ந்த ஈக்கும் 'கூள ஈ' என்றே வையுங்கள். அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே, கேரளத்தில் பயிரைத் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை, அங்கே ஆப்பிரிக்கன் ஒச்சு என்பார்களே, அதைப் பிடித்து வளர்க்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்.