பவர் செயின் மூணே நாளில் தளர்ந்துவிடுகிறதே, இடைவெளி மூடுமா?

கேள்வி:
மேல் வரிசையில் ரெண்டு பக்கமும் முன்கடைவாய்ப் பல் எடுத்துவிட்டு கிளிப் போட்டிருக்கிறேன். பல்லெல்லாம் நேராகிவிட்டது, இப்போது இடைவெளியை மூடும் கட்டம். மாதம் ஒரு தடவை போனால் பழைய பவர் செயினை (பற்களைச் சேர்த்து இழுக்கும் ரப்பர் போன்ற வளையத் தொடர்) கழற்றிவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். அன்று ராத்திரி எதையும் கடிக்க முடியாது. மூணாம் நாள் பார்த்தால் இழுப்பே தெரிவதில்லை. போன முறை கழற்றிய துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வட்டமாக இருந்த வளையங்கள் நீள்வட்டமாகிவிட்டன, விட்ட பிறகும் பழைய அளவுக்குச் சுருங்கவில்லை. அப்படியானால் மீதி நாளெல்லாம் அது சும்மாதான் கிடக்கிறதா? வாராவாரம் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில் 1:
எனக்கும் முதலில் செயின்தான். பிறகு அதற்குப் பதில் ஸ்பிரிங் மாட்டினார்கள். ஸ்பிரிங்கில் இந்தத் தளர்ச்சி இல்லை, ஆனால் சாப்பிட்டது எல்லாம் உள்ளே சிக்கிக்கொள்ளும், கன்னத்தில் உரசும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில் 2:
நான் பல் சீரமைப்பு (ஆர்த்தோடான்டிக்) மருத்துவர். நீங்கள் கண்ணால் பார்த்தது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

செயின் பாலியூரித்தேனால் ஆனது. இழுத்துப் பிடித்து வைத்தால் அதன் நீளமான மூலக்கூறுகள் மெல்ல ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிவிடும். வாயின் சூடும் எச்சில் ஈரமும் சேரும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். தண்ணீர் உள்ளே இறங்கி, மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. அதனால்தான் உங்கள் கையிலிருந்த வளையம் சுருங்கவில்லை.

விசையின் இறக்கம் முதல் நாளில்தான் மிக அதிகம். 1970லேயே ஆண்ட்ரியாசன், பிஷாரா என்ற ஆய்வாளர்கள் அந்தக் காலத்துச் செயின்களை அளந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு விசை போய்விடுவதாக எழுதினார்கள். இப்போதைய செயின்களில் முதல் நாளில் பாதியோ அதற்குச் சற்று மேலோ போகும். அதன்பின் இறக்கம் மெதுவாகிவிடும். 300 கிராம் விசையில் கட்டினால் மறுநாள் 150 பக்கம் நிற்கும், நாலாவது வாரம் 100 கிராம் சொச்சம் மிஞ்சும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் இது மாறும். என் மேஜையில் ஒரு விசைமானி இருக்கிறது, புது பாக்கெட் பிரித்தால் ஒரு துண்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் மாட்டுவேன். ஒரே நீளத்துக்கு இழுத்தாலும் ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் முள் வேறு வேறு இடத்தில் நிற்கும். நெருக்க வளையச் செயினும் அகல வளையச் செயினும் ஒன்றாக இருக்காது.

மிஞ்சிய அந்த 100 கிராம் வீண் இல்லை. பல் நகர்வதற்குப் பெரிய விசை தேவையில்லை. கட்டிய அன்று விசை அதிகமாக இருப்பதால், வேரையும் எலும்பையும் இணைக்கும் நார்த்திசு நசுங்கி, சில இடங்களில் ரத்த ஓட்டம் தடைபடும். முதல் நாட்களின் வலிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நசுங்கிய பகுதியை உடம்பு அப்புறப்படுத்த வாரக்கணக்கில் ஆகும், அதன் பிறகே பல் நன்றாக நகரும். வலி நின்ற பிறகுதான் உண்மையான வேலை நடக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். வாராவாரம் புதுச் செயின் மாட்டினால் அந்த நசுங்கலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்போம். வேர் கரையும் அபாயம் கூடும், பின்கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து இடத்தைத் தின்னவும் கூடும். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

ஸ்பிரிங் பற்றி மேலே சொன்னது உண்மை. நிக்கல் டைட்டானியம் ஸ்பிரிங் வெகுதூரம் இழுபட்டாலும், திரும்பச் சுருங்கும்போது கிட்டத்தட்ட ஒரே விசையைக் கொடுக்கும். இந்த உலோகத்தைப் பல் கம்பிக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்ட்ரியாசன்தான். ஆனால் மூடும் வேகத்தில் செயினுக்கும் ஸ்பிரிங்குக்கும் மாதத்துக்கு மில்லிமீட்டரில் சின்னப் பின்னம்தான் வித்தியாசம். எடுத்த பல்லின் இடம் 7 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், மாதம் 1 மில்லிமீட்டர் மூடினாலே நல்ல வேகம். அதனால் செயினைப் பார்க்காமல் இடைவெளியைப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை, ஒரே கோணத்தில் போட்டோ எடுங்கள். அடுத்தடுத்து இரண்டு மாதம் அசைவே இல்லையென்றால் ஒயர் எங்காவது சிக்கியிருக்கிறதா, பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி டாக்டர், ராத்திரியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் பார்த்தால் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. தினமும் மவுத்வாஷ் போடுகிறேன், குளிர்ந்த தண்ணீரும் குடிப்பேன். அதனால் செயின் கெடுமா?

பதில் 2:
ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் செயினின் விசை இன்னும் சற்று வேகமாகக் குறைவது ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. ஆல்கஹால் இல்லாததாக வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் பற்றிச் செயின்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஸ்பிரிங் போட்டவர்களுக்குத்தான் அது பொருந்தும். வாய் குளிர்ந்தால் அந்த உலோகத்தின் இழுப்பு குறையும், சூடு திரும்பினால் ஏறிவிடும். ஒரு வளையம் அறுந்து தொங்கினால் மட்டும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போன் செய்துவிட்டுப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.