45-70 ட்ராப்டோர் ரைபிளுக்கு ஈயக் குண்டு வார்ப்பது: எவ்வளவு கடினமான கலவை வேண்டும்?

பொருநையான்:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். 1884ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்ட் ட்ராப்டோர் ரைபிள் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. கீல் வைத்த கதவை மேலே தூக்கி, ஒரே ஒரு தோட்டாவை உள்ளே இட்டு, கதவை மூடிச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி இது. பழுது பார்ப்பவர் ஒருவர் சோதித்துவிட்டு, குழலும் பூட்டும் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார்.

கடையில் கிடைக்கும் கடினமான கலவையில் வார்த்த 405 கிரெயின் (ஏறத்தாழ 26 கிராம்) குண்டுகளை, பழைய துப்பாக்கிகளுக்கென்று தோட்டா தயாரிப்புக் கையேட்டில் தனியாகக் குறித்திருக்கும் புகையற்ற வெடிமருந்தின் அளவோடு கெட்டித்துச் சுட்டுப் பார்த்தேன். நூறு கெஜத்தில்கூட அவை ஒரு சாப்பாட்டுத் தட்டின் பரப்புக்குள் அடங்கவில்லை. போதாக்குறைக்கு, தோட்டா அறையை அடுத்துள்ள குழற்பகுதியில் ஈயம் செதில் செதிலாகப் படிந்து, அதைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. இனி நானே குண்டு வார்க்கலாம் என்று எண்ணுகிறேன். ஈயம் படியாமல் இருக்க அச்சகத்தில் எழுத்து வார்க்கும் அச்செழுத்து உலோகம் போன்ற இன்னும் கடினமான கலவைக்குப் போக வேண்டுமா? கருமருந்தா, புகையற்ற மருந்தா, எது இந்தத் துப்பாக்கிக்கு ஏற்றது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கம்மியன்:

நண்பரே, நல்ல துப்பாக்கி உங்களிடம் வந்திருக்கிறது. உலோகத்தையும் அச்சையும் வாங்குவதற்கு முன்னால் குழலை அளந்து பாருங்கள். ஈயம் படிந்தால் கலவையைக் கடினமாக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் உங்கள் குண்டு குழலுக்குச் சிறியது என்பதையே காட்டுகின்றன. குழலின் உட்புறம் சுருளாக வெட்டியிருக்கும் புரிப்பள்ளங்களைக் குண்டு முழுவதும் நிரப்பாவிட்டால், மருந்து எரிந்து கிளம்பும் சூடான வாயு அந்த இடைவெளி வழியாகப் பீறிட்டு, குண்டின் ஓரத்தை உருக்கி அரித்து, அந்த ஈயத்தைக் குழலின் தொடக்கப் பகுதியிலேயே பூசிவிடும். பள்ளத்தைச் சரியாகப் பற்றாத குண்டு நேராகவும் போகாது. கலவை கடினமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏனென்றால், மென்மையான குண்டாவது அழுத்தத்தில் சற்றுப் பருத்து இடைவெளியை அடைக்கும். கடினமான குண்டு அப்படி விரிந்து கொடுக்காது.

கடையில் விற்கும் 45-70 குண்டுகள் பெரும்பாலும் 0.458 அல்லது 0.459 அங்குல விட்டம் உள்ளவை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் அன்று செய்த குழல்களிலோ பள்ளத்தின் விட்டம் 0.460 அங்குலமும் அதற்கு மேலும் இருப்பது வழக்கமே. பள்ள விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு பெரிதான குண்டுதான் நன்றாக அமையும்.

அளக்கும் முறை எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பின்கதவைத் திறந்து வையுங்கள். குழலைவிடச் சற்றே பருமனான தூய ஈயத் துண்டு ஒன்றில் எண்ணெய் தடவி, அதைக் குழல்வாயில் வைத்து மரச் சுத்தியால் தட்டி இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனால், எந்த இடத்தில் இறுக்கம், எந்த இடத்தில் தளர்வு என்பது கைக்கே தெரியும். வெளியே வரும் துண்டில் குழலின் உட்புறம் அப்படியே பதிந்திருக்கும்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். ட்ராப்டோர் குழலில் மூன்றே பள்ளங்கள்தாம் உண்டு. பள்ளங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால், ஈயத் துண்டில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே இன்னொரு மேடு வராமல் ஒரு பள்ளமே வரும். சாதாரண மைக்ரோமீட்டரால் அளந்தால், உண்மையில் 0.460 அங்குலமாக இருப்பது 0.455 என்று தோன்றும். அதை நம்பி அச்சு வாங்குகிறவர்கள் மறுபடியும் சிறிய குண்டையே வார்ப்பார்கள். ஆகவே V வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். உங்கள் ஊரில் இயந்திரப் பட்டறை வைத்திருப்பவர் எவரிடமாவது அது இருக்கக்கூடும்.

பெரிதாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே துப்பாக்கியில் சுட்ட பித்தளைக் கூட்டை (மருந்தையும் குண்டையும் தாங்கும் தோட்டா உறையை) மறுவடிவம் செய்யாமல் எடுத்து, அதன் வாயில் குண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குண்டு தடையில்லாமல் உள்ளே வழுக்கிச் சென்றால் நல்லது. செல்லாவிட்டால், அறைக்குள் கூடு விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லை என்று பொருள். அந்த அளவு ஆபத்தானது.

வைகறை:

கம்மியன் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கலவையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் தூய ஈயம் ஏறத்தாழ 5. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் ஏறத்தாழ 10. நீங்கள் குறிப்பிடும் அச்செழுத்து உலோகம் 22 வரை போகும். ட்ராப்டோரின் வேகத்துக்கு 1:20 அல்லது 1:16 போதுமானது. ராணுவமே பின்னாளில் 500 கிரெயின் குண்டுக்கு 1:16 கலவையைத்தான் பயன்படுத்தியது. மென்மையான குண்டு தொலைவுக்கு உதவாது என்று எவரேனும் சொன்னால், 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் நடந்த போட்டியை நினைவூட்டுங்கள். 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் அயர்லாந்து அணி குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் இடும் ரிக்பி துப்பாக்கிகளாலும், அமெரிக்க அணி ஷார்ப்ஸ், ரெமிங்டன் ஒற்றைத் தோட்டா ரைபிள்களாலும் சுட்டன. 934க்கு 931 என்று மூன்றே புள்ளிகளில் அமெரிக்கர்கள் வென்றார்கள். இரு தரப்பும் நம்பியிருந்தது ஈயக் குண்டையும் கருமருந்தையும்தான்.

அச்சு வாங்கும்போது, அதில் பொறித்திருக்கும் விட்டம் எந்தக் கலவைக்கு உரியது என்று கேளுங்கள். ஆன்டிமனி என்னும் தனிமம் கலந்த கடினமான உலோகம் ஆறும்போது குறைவாகச் சுருங்கும். ஈயமும் வெள்ளீயமும் மட்டும் சேர்ந்த கலவை அதே அச்சில் சற்றுச் சிறிய குண்டைத் தரும். உங்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட முக்கியம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உருக்கிய கலவையை 370 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருங்கள். கார்ச் சக்கரங்களைச் சமநிலைப்படுத்தப் பொருத்தும் எடைக்கட்டிகளை உருக்கப் போவதாக இருந்தால் இன்னொரு காரணத்துக்காகவும் இந்த எல்லை உதவும்: இப்போது பல எடைக்கட்டிகள் துத்தநாகத்தால் ஆனவை. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும் என்பதால், அதற்குக் கீழே வைத்திருந்தால் அவை உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். கலந்துவிட்டால் அந்தச் சட்டி உலோகம் அச்சில் சரியாக நிரம்பாது.

கனமான குண்டுக்கு அகப்பையே நல்லது என்பது என் கருத்து. அகப்பையின் மூக்கை அச்சின் வாயோடு சேர்த்துச் சாய்த்து, சில நொடிகள் அப்படியே பிடித்திருந்தால், உள்ளே ஆறிச் சுருங்கும் குண்டு தனக்கு வேண்டிய ஈயத்தை மேலிருந்து இழுத்துக்கொள்ளும். அடிப்பாகம் கூர்மையான விளிம்போடு அமையும். குண்டில் சுருக்கம் விழுந்தால் அச்சு இன்னும் சூடாகவில்லை அல்லது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று பொருள். மேலே பனி படர்ந்தாற்போல் வெளுத்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அடிவிளிம்பு மழுங்கிய குண்டை மட்டும் தயங்காமல் சட்டியில் திரும்பப் போடுங்கள்.

செங்கோடன்:

மருந்தைப் பற்றி எழுதுகிறேன். 45-70 என்ற பெயரிலேயே விடை இருக்கிறது: 0.45 அங்குலக் குழல், 70 கிரெயின் கருமருந்து, அதாவது ஏறத்தாழ நான்கரை கிராம். இந்தத் துப்பாக்கி அதற்காகவே பிறந்தது. கருமருந்து சட்டென்று பற்றி அழுத்தத்தை விரைவாக ஏற்றுவதால், மென்மையான குண்டின் அடிப்பாகம் பருத்துப் பள்ளங்களை நிரப்பிவிடும். புகையற்ற மருந்தின் அழுத்தம் மெல்ல ஏறுவதால் இந்த உதவியைப் பெரிதும் எதிர்பார்க்க முடியாது. ஆதலால் அங்கே குண்டின் விட்டம் முதலிலேயே சரியாக இருந்தாக வேண்டும்.

கருமருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விடக் கூடாது. நீண்ட பித்தளைக் குழாய் வழியாக மருந்தை மெதுவாகக் கூட்டுக்குள் சொரிந்தால் அது நன்றாகப் படியும். மேலே அட்டை வில்லை ஒன்றை வைத்துச் சிறிதளவு அமுக்கிக் குண்டைப் பொருத்த வேண்டும். இக்காலப் பித்தளைக் கூட்டின் சுவர் தடிப்பானது என்பதால், பல கூடுகளில் 70 கிரெயினை அடக்குவதே கடினம். சற்றுக் குறைவான அளவே பெரும்பாலும் நன்றாகச் சுடும். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கரியாகவும் உப்பாகவும் எஞ்சும். ஆகவே தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மென்மையான மசகு குண்டில் இல்லாவிட்டால் குழல் கரடுதட்டிவிடும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும் என்பதால், சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும்.

புகையற்ற மருந்தைப் பயன்படுத்துவதாக இருந்தால், கையேட்டில் 45-70க்கு மூன்று பகுதிகள் தனித்தனியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ட்ராப்டோர் என்று தலைப்பிட்ட பகுதியைத் தவிர மற்ற இரண்டும் உங்களுக்கு உரியவை அல்ல. அவை வலிமையான பூட்டுள்ள நெம்புகோல் ரைபிள்களுக்கும் இக்கால ஒற்றைத் தோட்டா ரைபிள்களுக்கும் உரியவை. கருமருந்தை அளந்த கிண்ணத்தால் புகையற்ற மருந்தை அளந்து போடுவது துப்பாக்கியையும் சுடுபவரையும் அழித்துவிடும். இந்தப் பெரிய கூட்டில் புகையற்ற மருந்து இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது. எனவே குண்டைப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குப் போதாது.

பொருநையான்:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பட்டறை ஒன்றில் V தாங்கி மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்தோம். பள்ளத்தின் விட்டம் 0.4605 அங்குலம். நான் இதுவரை சுட்ட குண்டு 0.458. சுட்ட கூட்டின் வாயில் 0.462 குண்டு தாராளமாக நுழைகிறது. அந்த அளவுக்கு 1:20 கலவையில் வார்க்கும்படி அச்சு ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். கருமருந்திலேயே தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: குளிர்காலத்தில் கார் கொட்டகைக்குள் வைத்து ஈயம் உருக்கலாமா? வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது.

கம்மியன்:

குழந்தை இருக்கும் வீடு என்றால் கதவு திறந்த இடத்தில், காற்று வெளியே இழுக்கப்படும்படி அமைத்துக்கொண்டு மட்டுமே செய்யுங்கள். இயலாவிட்டால் கோடை வரை பொறுத்திருங்கள். நீங்கள் உருக்கும் வெப்பத்தில் ஈய ஆவியைவிட, மேலே படியும் கசடைச் சுரண்டும்போது பறக்கும் தூசிதான் அதிகத் தீங்கு செய்யும். அதை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். வார்க்கும்போது உடுத்திய துணியையும் காலணியையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் தனியே துவையுங்கள். உண்பதும் குடிப்பதும் கை கழுவிய பிறகே. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகிச் சட்டி முழுவதையும் மேலே வாரி இறைக்கும். பனி ஒட்டிய ஈயக் கட்டியைச் சூடான சட்டியில் போடவே கூடாது. முகக் கவசம், தோல் கையுறை, மூடிய காலணி ஆகியவை எப்போதும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.