டிசிஎஸ்சி கெயினைக் கூட்டினா ஆட்டம் அடங்க மாட்டேங்குது, அவசரம்

மின்குருவி:
சிமுலேஷன்ல ரெண்டு ஏரியாவை இணைக்கிற டை லைன்ல டிசிஎஸ்சி (லைனோட ரியாக்டன்ஸை வேகமா மாத்தற தைரிஸ்டர் கருவி) போட்டு, பவர் ஆட்டத்தை அடக்க டேம்பிங் கன்ட்ரோலர் எழுதியிருக்கேன். கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கணும்ங்கற அளவு) ஏத்த ஏத்த ஆட்டம் பெரிசாகுது. நாளைக்கு கைடுகிட்ட காட்டணும். எங்க தப்பு?

பழைய ரிலே:
எந்த சிஸ்டம்? ஃபீட்பேக் சிக்னல் என்ன? எத்தனை ஹெர்ட்ஸ்? உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொன்னா என்ன மருந்து எழுதறது?

மின்குருவி:
சாரி சார். பாடப்புத்தகத்துல வர்ற குந்தூர் டூ ஏரியா மாதிரி சிஸ்டம், 4 ஜெனரேட்டர், 11 பஸ் (இணைப்புப் புள்ளி). டை லைன்ல 400 மெகாவாட். ரெண்டு ஏரியாவோட வேக வித்தியாசம்தான் சிக்னல். ஆட்டம் சுமார் 0.55 ஹெர்ட்ஸ்.

கிரிட்கிறுக்கன்:
சைன் தலைகீழ். சந்தேகமே வேண்டாம், மைனஸ் போடு.

சுழலி:
பர் யூனிட் கணக்குக்கு பேஸ் (அடிப்படை அளவு) என்ன? மெஷின் 900, சிஸ்டம் 100 எம்விஏ. குழப்பினா கெயின் 9 மடங்கு போயிடும்.

மின்குருவி:
மைனஸ் போட்டேன். லேசா அடங்குது, ஆனா ஆட்டம் மெதுவாயிடுச்சு. பழைய சைன்ல வேகமாகுது.

பேராசான்:
அடிப்படை தெரியாமல் டிசிஎஸ்சிக்குத் தாவுவது இப்போது மோஸ்தர். நாலு மெஷினிலும் பிஎஸ்எஸ்ஸை (ஜெனரேட்டரிலேயே இருந்து ஆட்டத்தை அடக்கும் பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்) ஒழுங்காக ட்யூன் செய்தால் இந்த ஆட்டம் தானே படுத்துவிடும். முதலில் அதைப் படியுங்கள்.

கிரிட்கிறுக்கன்:
1996 ஆகஸ்ட் 10, வட அமெரிக்க மேற்கு கிரிட்லயும் பிஎஸ்எஸ் இருந்துச்சே சார். 0.25 ஹெர்ட்ஸ்ல ஆடி ஆடியே பிரிஞ்சுது. 2003 வட அமெரிக்க பிளாக்அவுட்லயும் அதே கதைதான்.

பேராசான்:
1996இல் கம்ப்யூட்டர் மாடலே பொய் சொன்னது. ஓட்டிப் பார்த்தால் ஆட்டம் அடங்குவதாகக் காட்டியது. அதற்கு பிஎஸ்எஸ் என்ன செய்யும்?

சுழலி:
2003 ஆகஸ்ட் 14 ஆட்டத்துல ஆரம்பிக்கலை. லைன் மரத்துல உரசி டிரிப் ஆச்சு, கன்ட்ரோல் ரூம்ல அலாரம் மென்பொருள் செத்துக் கிடந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க.

பழைய ரிலே:
சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். தம்பி, நீ சொன்னதுலயே விடை இருக்கு. சைன் மட்டும் தப்புன்னா ஆட்டம் வளரும், பீரியட் பெரிசா மாறாது. உனக்கு ரெண்டு சைன்லயும் பீரியட்தான் நகருது. கன்ட்ரோலர் டேம்பிங் டார்க் (ஆட்டத்தை அடக்கற திருப்புவிசை) குடுக்கலை, சிங்க்ரனைசிங் டார்க் (ஸ்பிரிங் மாதிரி, ஆட்டத்தோட வேகத்தை மாத்தறது) குடுக்குது. அதாவது சிக்னல் எங்கயோ 90 டிகிரி கிட்ட பின்தங்குது. தூரத்துல அளந்து அனுப்பற பிஎம்யு சிக்னல்னா, அது வந்து சேர்ற தாமதத்துக்கு டிலே ப்ளாக் வச்சிருப்பியே, அதுல என்ன போட்டிருக்கே?

சுழலி:
டிசிஎஸ்சியோட சொந்த டைம் கான்ஸ்டன்ட்டா இருக்கலாமே?

பழைய ரிலே:
சில பத்து மில்லிசெகண்ட்தானே, 0.55 ஹெர்ட்ஸ்ல அதுக்கு அவ்வளவு கோணம் வராது.

மின்குருவி:
ஐயோ சார். டிலே 0.5 செகண்ட்! போன வாரம் சும்மா சோதிக்கப் போட்டது, மறந்தே போச்சு.

பழைய ரிலே:
0.55 × 0.5 × 360. 99 டிகிரி.

மின்குருவி:
0.05 ஆக்கி, மைனஸை எடுத்தேன். இப்ப 10 டிகிரிதான். மூணாவது ஆட்டத்துலயே படுத்துடுச்சு. நன்றி, தூங்கப் போறேன்.

பேராசான்:
பிஎஸ்எஸ் வைத்திருந்தால் லோக்கல் சிக்னல். டிலேயே இருந்திருக்காது.

கிரிட்கிறுக்கன்:
ஆரம்பிச்சுட்டாரு.

சுழலி:
பேஸ் என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?