நீச்சல் தடாக வடிகட்டியின் மணலை மாற்ற உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டு நீச்சல் தடாகத்தின் வடிகட்டியில் 7 ஆண்டுகளாக ஒரே மணல்தான் இருக்கிறது. அண்மைக் காலமாக, பின்கழுவல் (நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலைக் கழுவுதல்) செய்து இரண்டு நாள் ஆகுமுன்பே அமுக்கமானியின் முள் மீண்டும் ஏறிவிடுவதால், மூடியைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தேன். மேல்மணல் கட்டி கட்டியாக இறுகி, விரலால் நசித்தாலும் உடையவில்லை. கேத்தல் அடியில் படிவதைப் போல, நம் கிணற்று நீரின் சுண்ணாம்பு மணலிலும் படிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

0.45 முதல் 0.55 மில்லிமீற்றர் வரை பருமனுள்ள, கழுவிச் சலித்த சிலிக்கா மணல் 150 கிலோ தேவை. வல்லிபுரம், அம்பன் பக்கத்து வெண்மணலைப் போடலாம் என்று மேசன் ஒருவர் சொன்னார். அதுவும் சிலிக்கா மணல்தான் என்றாலும், சலிக்காத மணலின் நுண்துகள்கள், வடிகட்டியின் அடியில் நீரை வெளியேற்றும் அடிக்குழாய்களின் கீற்றுகளுக்குள்ளால் தடாகத்துக்கே வந்துவிடும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தரம்பிரித்த மணலோ, வடிகட்டிக்கான கண்ணாடித் துகளோ யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும்? கொழும்பிலிருந்து எடுப்பித்தவர்கள் லொறிக் கூலியையும் குறிப்பிட்டால் நல்லது.

வடிகட்டித் தொட்டியில் பாதிக்கு நீர் நிரப்பிய பின்பே புது மணலைக் கொட்ட வேண்டும் என்பது தெரியும். ஆனால் இறுகிய பழைய மணலை, பிளாஸ்டிக் அடிக்குழாய்கள் முறியாமல் எப்படி வெளியே எடுப்பது? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.