பொருள்: ‘அக்கூஸ்டிக் பியானோ’ – வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

நல்லூரிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். புதிதாகப் பியானோ பழக வரும் பிள்ளைக்கு எதை வாங்குவது என்று பெற்றோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். சுத்தியல் தந்தியில் அடித்து ஒலிக்கும் பியானோவை ‘ஒலியியல் பியானோ’ என்று எழுதினேன். வாசித்த தாயொருவர், “அப்படியென்றால் கீபோர்ட் ஒலிக்காதா?” என்று கேட்டுவிட்டார்.

வட்டுக்கோட்டையிலிருந்து:
முதலில் ‘கீபோர்ட்’டை விலக்குங்கள். ‘விசைப்பலகை’ இருக்கிறதே.

பருத்தித்துறையிலிருந்து:
விசைப்பலகை என்றால் தகப்பன் கணினிக் கடைக்கல்லவா போவார்? ‘சாவிப்பலகை’யும் ஆகாது, சாவி போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். நாமோ திறப்பு என்பவர்கள். ‘திறப்புப்பலகை’யைப் பூட்டுக்கடையில்தான் தேடவேண்டும். ஆர்மோனியக்காரர் சொல்லும் ‘கட்டை’ போதும்: 61 கட்டைக் கீபோர்ட், 88 கட்டைப் பியானோ.

வட்டுக்கோட்டையிலிருந்து:
கட்டை என்றால் பாடகரின் சுருதியும்தான். அது கிடக்கட்டும். தந்தி வடசொல், சிலப்பதிகாரத்தில் யாழுக்கு இருப்பது நரம்பு. விபுலாநந்தர் 1947இல் ‘யாழ் நூல்’ தந்த பிறகும் யாழின் பெயர் கொண்ட ஊரில் தந்தியா? ‘நரம்புப் பியானோ’ என்க. இன்னும் சொன்னால், பியானோஃபோர்ட்டே என்பதன் பொருளே மென்மையும் வன்மையும். ஆகவே ‘மெலிவலியாழ்’.

பருத்தித்துறையிலிருந்து:
மெலிவு, சமன், வலிவு மூன்றும் சுரம் தாழ்ந்தும் உயர்ந்தும் நிற்கும் தானநிலைகள் ஐயா, சத்தத்தின் அளவல்ல. சிலம்பை எடுத்தவர் அதையும் பார்த்திருக்கலாம்.

நல்லூரிலிருந்து:
நரம்பு என்று அச்சடித்தால் பெற்றோர் வைத்தியரைத் தேடுவார்கள். என் கவலை வேறு. மலிவான கீபோர்டில் கட்டைக்கு அடியில் இருப்பது வெறும் சுருள்வில். சிலவற்றில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். அதில் இரண்டு வருடம் பழகிய பிள்ளை என் வீட்டுப் பியானோவில் கைவைத்தால் பாதிச் சுரங்கள் எழும்புவதில்லை. சுண்டுவிரல் நோகிறது என்று கையை உதறுகிறது. மரப் பியானோ வாங்கச் சொல்லவும் மனம் வரவில்லை. விலையை விடுங்கள், உப்புக்காற்று, கறையான், சுருதி கூட்ட ஆள் தேடும் அலைச்சல். ஆகவே மரப் பியானோவைப்போல் அழுத்தக் கனமான பாரக்கட்டை வைத்த 88 கட்டை மின்பியானோவைத்தான் சிபாரிசு செய்கிறேன். கையில் பணம் குறைவென்றால், தொடும் விசைக்கேற்பச் சத்தம் மாறும் 61 கட்டைக் கீபோர்ட்.

கோண்டாவிலிலிருந்து:
மின்பியானோவா, இலத்திரனியல் பியானோவா? நம் பாடநூலில்...

பருத்தித்துறையிலிருந்து:
தயவுசெய்து வேண்டாம்.

நல்லூரிலிருந்து:
‘நரம்பு’ என்றவர் ஒருவர்தான். ‘தந்திப் பியானோ’ என்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.

வட்டுக்கோட்டையிலிருந்து:
அச்சுப்படி திருத்த இன்னும் நேரம் இருக்குமல்லவா? நரம்பு.