17 டாலர் கிட்டாரும் மாமாவின் தையல் மிஷினும்

தீபா: (2 படங்கள்)
இன்று ஹரிக்கேன் மில்ஸ் வரை போய் வந்தோம். அமெரிக்காவின் நாஷ்வில்லில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பாடகி லொரெட்டா லின் வாழ்ந்த பண்ணை. இரண்டாவது படத்தில் இருக்கும் மரவீடு, அவர் பிறந்து வளர்ந்த வீட்டைப் போலவே கட்டி வைத்திருப்பது.

பெரியம்மா: வீடு அழகாக இருக்கிறது. நீ ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?

பாபு மாமா: யார் இந்த அம்மா? கேள்விப்பட்டதே இல்லையே.

தீபா: கன்ட்ரி இசையில், அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு வகையில், பெரிய ஆள் மாமா. பாட்டும் எழுதுவார். கென்டக்கி மலைப்பக்கம் புட்சர் ஹாலோ என்று ஒரு குக்கிராமம், அங்கே 1932-இல் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாவது.

தீபா: அந்த வீட்டுச் சுவரில் அவர் அம்மா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்திருப்பாராம். அதில் லொரெட்டா யங் என்ற நடிகையின் படமும் இருந்தது. அந்தப் பெயரைத்தான் மகளுக்கு வைத்துவிட்டார்.

பெரியம்மா: நம் பக்கத்து வீட்டில் சரோஜா தேவி வைத்த மாதிரி.

கார்த்தி: 13 வயதில் கல்யாணம் ஆனவர்தானே அக்கா? அவர் கதையை எடுத்த சினிமாவில் பார்த்திருக்கிறேன்.

தீபா: அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 2012-இல் பத்திரிகைக்காரர்கள் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தால், கல்யாணத்தின்போது வயது 15.

பெரியம்மா: 15 மட்டும் பெரிய வயதா?

தீபா: அதேதான் பெரியம்மா. கணவர் அங்கிருந்து கிளப்பி, நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். 20 வயதில் கையில் நான்கு குழந்தைகள். வீட்டு வேலை செய்துகொண்டே இவர் பாடுவதைக் கேட்டுவிட்டு, கணவர்தான் ஒரு கிட்டார் வாங்கி வந்தார். விலை 17 டாலர்.

பாபு மாமா: இதைக் கவனியுங்கள் எல்லோரும். யார் வாங்கிக் கொடுத்தது? கணவர்.

வசந்தா அத்தை: ஆரம்பித்துவிட்டார்.

தீபா: இன்னும் இருக்கிறது மாமா. 1960-இல் முதல் இசைத்தட்டு வந்தது. சின்னக் கம்பெனி, விளம்பரத்துக்கெல்லாம் காசு கிடையாது. கணவரே இவரைப் படம் எடுத்து, இசைத்தட்டோடு சேர்த்து ஊர் ஊராக வானொலி நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினார். அப்புறம் இரண்டு பேரும் காரில் கிளம்பி ஒவ்வொரு நிலையமாக ஏறி இறங்கி, "எங்கள் பாட்டைப் போடுங்கள்" என்று கேட்டார்கள். தூக்கம் காரிலேயே. அந்தப் பாட்டு கன்ட்ரி ஹிட் பாட்டுகளின் பட்டியலில் 14-ஆம் இடம் வரை போனது.

பாபு மாமா: காரை ஓட்டியது யார்?

வசந்தா அத்தை: பாட்டை எழுதியது யார்?

கார்த்தி: அப்பா, அம்மா, நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?

வசந்தா அத்தை: அவர் மாடியில் இருக்கிறார். தீபா, ஒன்று கேட்கிறேன். அந்தக் கிட்டார்க்காரர் குடிப்பாரா?

தீபா: குடிப்பார் அத்தை. வேறு பெண்கள் சகவாசமும் உண்டு. இவர் அதையெல்லாம் மூடி மறைக்கவில்லை, பாட்டாக எழுதிவிட்டார். 1967-இல் முதன்முதலாக முதலிடம் பிடித்ததே, 'குடித்துவிட்டுக் கொஞ்ச வராதே' என்று கணவனை விரட்டும் பாட்டுதான். தங்கையோடு சேர்ந்து எழுதியது.

பெரியம்மா: வீட்டு விஷயத்தை இப்படியா ஊரறியப் பாடுவது?

வசந்தா அத்தை: அவர் ஊரறியத்தானே குடித்தார் அண்ணி.

கார்த்தி: 😂😂

தீபா: 1975-இல் மாத்திரையைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. அது வேறு சிலர் எழுதியது, பாடியது இவர். 1972-லேயே பதிவு செய்தும் மூன்று வருஷம் கிடப்பில் கிடந்தது. வெளியே வந்ததும் பல வானொலி நிலையங்கள் போட மாட்டோம் என்றன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடம்.

பெரியம்மா: என்ன மாத்திரை?

கார்த்தி: தலைவலி மாத்திரை பெரியம்மா.

வசந்தா அத்தை: கருத்தடை மாத்திரை அண்ணி.

பெரியம்மா: ஓ. அவளுக்கு மொத்தம் எத்தனை குழந்தைகள்?

தீபா: ஆறு. கடைசி இரண்டும் இரட்டையர்.

பெரியம்மா: அப்படியானால் பாடட்டும். அவளை விட்டால் வேறு யார் பாடுவது?

தீபா: எனக்குப் பிடித்தது 1970-இல் வந்த 'சுரங்கத் தொழிலாளியின் மகள்' பாட்டு. முழுக்க அவர் சொந்தக் கதை, அவரே எழுதியது. கோடையில் காலில் செருப்பு கிடையாது. குளிர்காலம் வந்தால்தான் தபாலில் ஷூ வரும், அதுவும் அப்பா பன்றி விற்ற காசில். இப்படியே எழுதிக்கொண்டே போனதில் பாட்டு ரொம்ப நீளமாகிவிட, தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொல்லிவிட்டார். வெட்டியதில் என்ன இருந்திருக்கும் என்று இன்று அந்த வீட்டு வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா: அப்பா கேட்டாரா அந்தப் பாட்டை?

தீபா: இல்லை பெரியம்மா. கரித்தூசி நுரையீரலைக் கெடுத்திருந்தது. 1959-இல் போய்விட்டார். முதல் இசைத்தட்டே அதற்கு அடுத்த வருஷம்தான்.

பெரியம்மா: அடடா.

கார்த்தி: ராக் பாடகர் ஜாக் ஒயிட்டோடு ஒரு ஆல்பம் செய்தாரே, அதுதான் எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் ஒருவன் போட்டுக்கொண்டே இருப்பான்.

தீபா: ஆமாம், 2004-இல். அப்போது அவருக்கு 72 வயது. இரண்டு கிராமி வாங்கியது. 1972-இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் விருது, பெண்களில் இவருக்குத்தான் முதலில். 2013-இல் ஒபாமா கையால் பதக்கம். 2022 அக்டோபரில், 90 வயதில், இதே பண்ணையில் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

பாபு மாமா: கணவர்?

தீபா: 1996-இல் இறந்தார். சண்டையும் சச்சரவுமாக 48 வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர் இல்லாவிட்டால் தனக்குப் பாட்டு வாழ்க்கையே இல்லை என்று இந்த அம்மாவே சொல்லியிருக்கிறார்.

பாபு மாமா: அவரே சொல்லிவிட்டார். வழக்கு முடிந்தது. நான் வாங்கிக் கொடுத்த தையல் மிஷினைப் பற்றி இந்த வீட்டில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறீர்களா?

வசந்தா அத்தை: நீங்கள்தான் வருகிற விருந்தாளியிடமெல்லாம் சொல்லிவிடுகிறீர்களே. எங்களுக்கு எங்கே வாய்ப்பு?

வசந்தா அத்தை: அதைப் பற்றி நானும் ஒரு பாட்டு எழுதப் போகிறேன் தீபா.

பாபு மாமா: வானொலியில் தடை செய்யச் சொல்கிறேன்.

வசந்தா அத்தை: செய்யுங்கள். அதற்கு முன்னால் கீழே வந்து பெல்ட்டை மாற்றிக் கொடுங்கள். அறுந்து மூன்று மாதம் ஆகிறது.