உப்புக்காத்துல இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எந்த கோட்டிங் நிக்கும்?

கேள்வி (வேதாரண்யம்):
வணக்கம். பயிர்க்காவல் லைசென்ஸ்ல உள்ள பழைய 12 போர் இரட்டைக்குழல். வீட்டுக்கும் கடலுக்கும் மூணு கிலோமீட்டர்தான், ஒரு பக்கம் உப்பளம். ஐப்பசி பொறந்தா குழல்மேல துரு பூக்குது. கைபிடிச்சுத் தூக்குற இடத்துல நாலு விரல் அச்சும் செம்பழுப்பா விழுந்திருக்கு. ரெண்டு குழலையும் சேர்க்கிற பட்டை ஓரத்துல கோடு கோடா துரு. ப்ளூயிங் (இரும்பு மேல ஏத்துற நீலக்கறுப்புப் படலம்) முக்கால்வாசி போயிடுச்சு. திரும்ப ஹாட் ப்ளூயிங் போடலாமா? இல்ல, கேட்டுக்கு அடிக்கிற பவுடர் கோட்டிங்கையே அடிச்சிடலாமா?

பதில் (தஞ்சாவூர், துப்பாக்கி பழுது வேலை):
ரெண்டுமே வேண்டாம் தம்பி. பழைய இரட்டைக்குழல்ல அந்தப் பட்டை பெரும்பாலும் ஈயப்பற்றாலதான் ஒட்டியிருக்கும். ஹாட் ப்ளூயிங் தொட்டியில காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் 140 டிகிரி பக்கம் கொதிக்கும். அந்தச் சூட்டுல பற்று உருகாது, ஆனா காஸ்டிக் அதை அரிச்சுத் தின்னுடும். பட்டை எகிறிடும், ரெண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கிற அமைப்பும் கெட்டுடும். பவுடர் கோட்டிங் அடுப்பு 180லேர்ந்து 200 டிகிரி. சாதாரண ஈய வெள்ளீயப் பற்று 183லயே இளக ஆரம்பிக்கும். மேலும் அது அறுபது எழுபது மைக்ரான் தடிமன், துப்பாக்கி மூடவே மூடாது.

முதல்ல பட்டை உறுதியா இருக்கான்னு பாருங்க. குண்டு இல்லைன்னு ரெண்டு அறையையும் பார்த்துட்டு குழலைக் கழட்டி, குழலுக்கு அடியில இருக்கிற கொக்கியில கயிறு கட்டித் தொங்கவிட்டு, மரக்கட்டையால லேசாத் தட்டுங்க. கோயில் மணி மாதிரி நீளமா அதிர்ந்தா நல்லது. செத்த சத்தமோ கடகடன்னோ வந்தா பற்று விட்டிருக்கு, அதைச் சரிபண்ணாம எந்த கோட்டிங்கும் போடாதீங்க.

கேட்டவர்:
மணி மாதிரிதான் கேட்குதுண்ணே. அப்ப கடையில விக்கிற கோல்ட் ப்ளூ பாட்டிலைத் தடவிக்கலாமா?

பதில் (தஞ்சாவூர்):
சின்னக் கீறலை மறைக்க மட்டும். அது செலினியம், செம்பு உப்பு சேர்ந்த மெல்லிய படலம், உப்புக்காத்துல ரொம்ப நாள் நிக்காது. செலினியம் நஞ்சு, கையுறை இல்லாம தொடாதீங்க.

பழைய அழகு திரும்ப வேணும்னா ஸ்லோ ரஸ்ட் ப்ளூயிங்தான் முறை. எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாம சுத்தம் பண்ணி, துருவேத்துற கரைசலை ஒரே வீச்சுல மெலிசாத் தடவி, ஈரமான பெட்டியில சில மணி நேரம் வைக்கணும். செந்துரு படிஞ்சதும் கொதிதண்ணியில இருபது நிமிஷம் போட்டா அது மேக்னடைட்டுங்கிற கறுப்பு இரும்பு ஆக்சைடா மாறும். எண்ணெய் படாத நைஸ் கம்பிப் பஞ்சால தேய்ச்சா பொசுபொசுன்னு இருக்கிறது உதிரும், கறுப்பு நிக்கும். இதை ஆறேழு தடவை பண்ணணும். தண்ணி முக்கியம்: நம்ம கடலோர போர் தண்ணியில கொதிக்க வச்சா அதுல உள்ள உப்பே திட்டுத் திட்டாத் துருவை இழுத்துடும். டிஸ்டில்டு வாட்டர்தான் வேணும்.

பதில் (மன்னார்குடி, மெட்டல் ஃபினிஷிங்):
அண்ணன் சொன்ன முறை சரிதான், ஆனா கடலுக்கு மூணு கிலோமீட்டர்ல அது போதாதுன்னு நினைக்கிறேன். ரஸ்ட் ப்ளூவும் ஒரு ஆக்சைடு படலம்தான், மேல எண்ணெய் இருக்கிற வரைக்கும்தான் காப்பாத்தும். பாஸ்பேட்டிங்கும் (இரும்பு மேல பாஸ்பேட் படலம் ஏத்துறது) அப்படியே, எண்ணெயை உறிஞ்சி வச்சுக்கிறதுதான் அதோட பலம். தினம் வியர்வைக் கை படுற துப்பாக்கின்னா அடுப்புல வேகவைக்கிற செராமிக் கோட்டிங் போடுங்க. 120 டிகிரியில ரெண்டு மணி நேரம், ஈயப்பற்றுக்கு ஆபத்தில்லாத சூடு. தடிமன் 25 மைக்ரான் அளவு.

இதுல வேலை கெடுறது பெரும்பாலும் பூசறதுக்கு முன்னாடி. இரட்டைக்குழல்ல பட்டைக்கு அடியில பொந்து மாதிரி இடம் இருக்கும், வருஷக்கணக்கா போட்ட எண்ணெய் அங்க தேங்கி நிக்கும். மேல அசிட்டோன் போட்டுத் துடைச்சா பளிச்னு தெரியும். அடுப்புல சூடேறினதும் உள்ளே இருக்கிற எண்ணெய் பட்டை ஓரமா கசிஞ்சு வந்து, பூச்சு கொப்பளமா எழும்பும். அதனால பூசறதுக்கு முன்னாடி வெறும் குழலை 120 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சு, கசிவை அசிட்டோனால துடைச்சு, மறுபடி சூடேத்திப் பாருங்க. கசிவு நிக்கிற வரைக்கும் பூசக்கூடாது. அதுக்கப்புறம் ரெண்டு முனையையும் ரப்பர் அடைப்பால மூடிட்டு 100 கிரிட் அலுமினியம் ஆக்சைடால (மணல் மாதிரி சொரசொரப்பான தூள்) பிளாஸ்ட் அடிக்கணும், அதாவது காத்தழுத்தத்துல அந்தத் தூளைப் பீச்சணும். பளபளன்னு பாலிஷ் பண்ணின இரும்புல செராமிக் பிடிக்காது. அடிச்சதுக்கு அப்புறம் வெறுங்கையால தொட்டா விரல் அச்சுல இருந்தே உரியும்.

குழலுக்குள்ள, குண்டு அறை, கொக்கி, கீல் ஆணி, குழல் வந்து உக்கார்ற தட்டு இதுக்கெல்லாம் பூச்சு வேண்டாம், டேப் போட்டு மறைச்சிடுங்க. ரெண்டு முகத்துலயும் 25 மைக்ரான்னா மொத்தம் 50, பூட்டு இறுகிடும்.

பதில் (நாகை):
யாரும் சொல்லாத ஒண்ணு. 1959 ஆயுதச் சட்டம் 8வது பிரிவுப்படி துப்பாக்கியில உள்ள பேர், நம்பர், அடையாள முத்திரையை அழிக்கவோ மாத்தவோ கூடாது. அழிஞ்சிருந்தா, வச்சிருக்கிறவர்தான் அழிச்சார்னு எடுத்துக்குவாங்க, இல்லைன்னு நிரூபிக்கிறது அவர் பொறுப்பு. குழிவிழுந்த துருவை எமரியால வழிக்கிறப்பதான் எழுத்து மழுங்கும். நம்பர் மேல எமரியும் படக்கூடாது, பிளாஸ்டும் படக்கூடாது. 5வது பிரிவுப்படி பழுது பார்க்கிறதை தொழிலாப் பண்றவங்களுக்கும் லைசென்ஸ் வேணும். கேட் பட்டறையில துப்பாக்கியைக் குடுக்காதீங்க. லைசென்ஸ் உள்ள கடையில, நம்பர் எழுதின ரசீதோட குடுங்க.

கேட்டவர்:
செராமிக்கே போடுறேன். போட்டதுக்கப்புறம் எண்ணெய் வேண்டாம்ல?

பதில் (மன்னார்குடி):
வெளிப்புறத்துக்கு அவசியமில்ல, ஈரத்துணியால உப்பைத் துடைச்சுட்டு காய்ஞ்ச துணியால ஒத்தி எடுத்தாப் போதும். குழலுக்குள்ளயும் பூட்டுக்கும் மெஷின் ஆயில் மெலிசா வேணும். தேங்காண்ணெய் தடவாதீங்க, நாளானா பிசுக்காகி அதுல ஊறுற அமிலமே இரும்பைக் கடிக்கும். கீறல் இரும்பு வரைக்கும் போயிருந்தா அங்கிருந்து உப்பு பூச்சுக்கடியில ஊர்ந்து போகும், உடனே டச்சப் பண்ணிடுங்க. ரெக்சின் உறையில போட்டு வைக்காதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும். உறையில்லாம பூட்டின அலமாரியில, அரை கிலோ சிலிக்கா ஜெல்லோட வைங்க. மழைக்காலத்துல ஜெல் நிறம் மாறினதும் அடுப்புல 120 டிகிரியில ஈரம் போற வரைக்கும் வறுத்துட்டுத் திரும்ப வைக்கலாம்.